குண்டூசி இருந்த இடம்

அன்று செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால். நூலகத்தின் மூன்றாவது மாடியில், அரிய ஆவணப் பிரிவின் வாசிப்பறையில் மொத்தம் மூன்று பேர் இருந்தார்கள். கதவுக்கு நேர் எதிரே, உயரமான மேசையில் பிரிவுத் தலைவி. எல்லோருக்கும் அவர் மேடம். ஜன்னல் ஓரத்தில், ஓய்வு பெற்ற நில அளவையாளர் ஒருவர். கையில் இருக்கும் பூதக்கண்ணாடியே அவருக்குப் பெயராகிவிட்டது. சுவரோரம், இரும்பு அலமாரிகளுக்குப் பக்கத்து மேசையில் அவள். குடும்பங்கள் கொண்டுவந்து கொடுக்கும் பழைய கடிதங்களையும் காகிதங்களையும் பிரித்து, துடைத்து, பட்டியல் எழுதுவது அவள் வேலை. அவளுக்கு நேர் எதிரே இருந்த நாற்காலி காலி.

அது காலியாகவே இருந்திருக்கலாம்... என்று அந்த வாரத்தில் நூறு தடவை நினைத்துக்கொண்டாள். நூறு தடவையும் பொய் சொல்லிக்கொண்டாள்.

வெளியே மழை. லிஃப்ட் முனகிக்கொண்டே மேலே வந்தது. மூன்றாவது மாடிக்கு ஆள் வந்தால் அந்த லிஃப்ட், தூக்கத்தில் எழுப்பிய குழந்தை மாதிரி ஒரு முனகல் முனகும். யாரோ வருகிறார்கள் என்று அவள் நிமிர்ந்தாள்.

கதவு திறந்தது. முதலில் வந்தது குடை. சொட்டச் சொட்ட...

"ஐயோ, குடையை வெளிய வைங்க!"

"வெளிய ஏற்கெனவே மூணு குடை இடத்துக்குச் சண்டை போட்டுட்டிருக்கு."

"இங்க இருக்கிறதெல்லாம் காகிதம் சார். ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும்..."

"நனையும். தெரியும். நான்கூட நனைஞ்சுதான் வந்திருக்கேன். என்னைப் பத்தி யாரும் பதறலையே!"

ஜன்னல் பக்கமிருந்து பூதக்கண்ணாடி குலுங்கிச் சிரித்தார். அவளுக்குச் சுரீரென்றது. அவன் குடையை வாசலில் சாத்திவிட்டு மறுபடி வந்தான். முப்பது வயதிருக்கும். இமைகளில் மழைத்துளி இரண்டு உட்கார்ந்திருந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாத அவசரம் அந்தக் கண்களில். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற கண்கள்...

"சட்டைப் பையில என்ன அது?"

"பேனா."

"பேனா உள்ள வரக் கூடாது. இங்க பென்சில் மட்டும்தான்."

"எனக்குக் கடைசியா பென்சில் குடுத்தது ஒண்ணாங் கிளாஸ்ல."

"இதையும் ஒண்ணாங் கிளாஸ்னே வச்சுக்குங்க."

"அப்ப நீங்க டீச்சரா? முட்டி போட வைப்பீங்களா, பென்சில் மேடம்?"

அவள் பென்சிலையும் வருகைப் பதிவேட்டையும் தள்ளிவைத்தாள். அவன் பெயர் எழுதினான், முகவரி எழுதினான். தொழில் என்ற இடத்தில் 'லிஃப்ட் மெக்கானிக்'. வருகையின் நோக்கம் என்ற இடத்தில் பென்சில் தயங்கி நின்றது. பிறகு ஒரே ஒரு சொல்.

'அம்மா.'

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"தையல்காரம்மாவோட காகிதம். எங்கக்கா குடுத்த அஞ்சு பெட்டி. அதைப் பார்க்கணும்."

அவள் கையிலிருந்த பட்டியல் அட்டையைக் கீழே வைத்தாள். அந்த ஐந்து பெட்டிகளையும் பிரித்து அடுக்கியவள் அவள்தான்.

நாற்பது வருடம் தையல் எந்திரத்தோடு வாழ்ந்த ஒருத்தியின் காகிதங்கள் அவை. வாடிக்கையாளர்கள் எழுதியனுப்பிய கடிதங்கள், கை அளவு, கழுத்து அளவு குறித்த சீட்டுகள், சொந்தக்காரர்களின் கடிதங்கள்... எல்லாம் ஒன்றாக. அவர் இறந்த பிறகு மகள் அவற்றை நூலகத்துக்குக் கொடுத்தாள். மேடத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பெரிய மனுஷங்க கடுதாசி எல்லா நூலகத்துலயும் இருக்கும்மா. ஒரு ஊரோட தோளும் இடுப்பும் நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு!" ஆனால் நன்கொடைப் படிவத்தில் இரண்டு வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும். மகள் போட்டுவிட்டாள். ஊர் ஊராகப் போய் லிஃப்ட் மாட்டும் தம்பியின் கையெழுத்து மட்டும் பாக்கி. அது விழாவிட்டால் ஐந்து பெட்டியும் திரும்பிப் போய்விடும்.

அவள் முதல் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தாள். கடிதங்கள் ஒழுங்காக, பழையதிலிருந்து புதியதுவரை, உறை உறையாக.

அவன் நாலைந்து தாளைப் புரட்டினான். நெற்றி சுருங்கியது.

"இது எங்கம்மா பெட்டி இல்ல."

"உங்கம்மா பெட்டிதான். லேபிள் பாருங்க."

"தேதி வரிசையில இருக்கு."

"அதுல என்ன தப்பு?"

"எங்கம்மா வாழ்க்கையில எதையுமே தேதி வரிசையில வச்சதில்ல. மாத்தி வச்சது யாரு?"

அவன் கண்கள் அவள் தலைக்கு மேலே சுவருக்குப் போயின. அங்கே ஓர் அட்டை. அவள் கையெழுத்திலேயே பெரிதாக எழுதி ஒட்டியது: 'இருந்த வரிசையே வரிசை. கலைக்காதீர்.' அதை அவன் நிறுத்தி நிதானமாக வாய்விட்டுப் படித்தான்.

உயரமான மேசையில் மேடத்தின் பென்சில் நின்றது. அவர் இந்தப் பக்கம் பார்க்கிறார்.

"எங்ககிட்ட எப்படி வந்துதோ அப்படியேதான் இருக்கு," என்றாள் அவள். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

பொய். இரண்டு மாதத்துக்கு முன் இதேபோல் மழை. பெட்டியைத் திறந்தால் ஒரே குப்பை. கடிதத்தோடு சீட்டு, சீட்டோடு துணித் துண்டு. வேலை குவிந்து கிடந்தது. பிரிப்பதற்கு முன் எது எதோடு இருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதுதான் இந்த வேலையின் முதல் பாடம். குறித்துக்கொள்ளவில்லை. துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றி ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டாள். கடிதங்களைத் தேதிப்படி அடுக்கினாள். தேதியில்லாத முந்நூற்றுப் பதினொரு சீட்டுகளையும் 'இதர சீட்டுகள்' என்று எழுதி ஐந்தாவது பெட்டியில் வைத்தாள். மாலையில் பார்த்தபோது அவ்வளவு அழகாக இருந்தது. வீட்டில் தங்கை அவளைக் 'காலண்டர்' என்று கூப்பிடுவது சும்மா இல்லை.

புதன்கிழமையும் லிஃப்ட் முனகியது. அவன்தான். நெஞ்சு ஏன் இப்படித் திக்கென்கிறது... கோபம்தான், வேறென்ன!

"உங்க லிஃப்டுக்கு உடம்பு சரியில்ல," என்றான் உட்கார்ந்ததும். "மூணாவது மாடியில வலிக்குது அதுக்கு. கேக்கவே பாவமா இருக்கு."

"அது பதினஞ்சு வருஷமா அப்படித்தான்."

"பதினஞ்சு வருஷம் வலியில இருக்கிறதைப் பார்த்துட்டே இருந்தீங்களா? கல் நெஞ்சு."

சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். அவன் பார்த்துவிட்டான்.

அன்று ஒரு கடிதத்தை எடுத்து வெகுநேரம் கையில் வைத்திருந்தான். இரண்டு தாள். போன வருடத் தேதி.

"இது நான் எழுதினது," என்றான், தாளைப் பார்த்தபடியே. "கடையை நீ எடுத்துக்கன்னு அம்மா சொன்னாங்க. எனக்கு ஊசி நூல்னா ஆகாது. வாக்குவாதம் முத்திப்போச்சு. இனிமே நீ தைச்ச சட்டையைத் தொடக்கூட மாட்டேன்னு சொல்லிட்டு, ரெடிமேட் சட்டை ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிட்டு கிளம்பிட்டேன். ஆறு வருஷம்..."

அவள் எழுதுவதை நிறுத்தியிருந்தாள்.

"போன வருஷம் தாங்கல. எழுதினேன். ரெடிமேட் சட்டை எதுவும் சரியா உக்காரலைம்மா, எனக்கு ஒரு சட்டை தைச்சுக் குடு, தோள் கொஞ்சம் அகலமாயிடுச்சுன்னு. பதிலே வரல. நாலு மாசத்துல அம்மாவே இல்ல. அக்காவைக் கேட்டா, 'படிச்சா, மடிச்சா, உள்ள வச்சா, ஒண்ணும் சொல்லலடா'ங்கறா."

"ஒண்ணுமேவா?"

"எங்கம்மா பேசறதே கம்மி. எல்லாத்தையும் குண்டூசிதான் பேசும். ஒரு வேலையை எடுத்துக்கிட்டாங்கன்னா அந்தக் கடுதாசியோட அளவுச் சீட்டைச் சேர்த்துக் குத்தி வைப்பாங்க. தைச்சு முடிச்சதும் ஊசியை எடுத்துட்டு ரெண்டையும் நடுவுல கம்பியில குத்திடுவாங்க. சீட்டு இல்லாம வெறும் கடுதாசியை மட்டும் குத்தி வச்சா..." அவன் நிறுத்தினான். "அந்த வேலையை எடுத்துக்கப் போறதில்லைன்னு அர்த்தம். ரெண்டு நாளா அதைத்தான் தேடறேன். என்னை மன்னிச்சாங்களா இல்லையான்னு வேற யாருகிட்டப் போய்க் கேக்கறது?"

மழை ஜன்னலில் கோடு கோடாக வழிந்தது. சொல்லிவிடு... இப்போதே சொல்லிவிடு... மேடம் மேசையில்தான் இருக்கிறார். சுவரில் அந்த அட்டை. வாயைத் திறந்தாள். "தண்ணி வேணுமா?" என்றாள்.

"வாசிப்பறையில தண்ணிக்கு அனுமதி இருக்கா?"

இல்லை. பூதக்கண்ணாடி மறுபடி குலுங்கினார்.

வியாழக்கிழமை காலையிலிருந்து காதை லிஃப்ட் பக்கமே வைத்திருந்தாள். முனகல் கேட்கவில்லை. பத்தரை... பத்தே முக்கால்... வரவில்லை போலிருக்கிறது. வராவிட்டால் என்ன, நல்லதுதான். இப்படி நினைத்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிர் நாற்காலியில் அவன், பதிவேட்டில் எழுதி மூடியபடி!

"எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான். லிஃப்ட்லதான். நேத்து சாயந்திரம் கீழ வாட்ச்மேன்கிட்டச் சொல்லிட்டு அரை மணி நேரம் வைத்தியம் பார்த்தேன். இனிமே முனகாது."

யாரைக் கேட்டு சரிபண்ணினான் இவன்! இனி அவன் வருவது எப்படித் தெரியும்? அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கே முகம் சூடாகிவிட்டது.

அவன் கடிதத்தை அவள் பக்கம் திருப்பினான். இடது மூலையில் இரண்டு சின்ன ஓட்டை. சுற்றிலும் துருவின் செம்பழுப்பு.

"இங்க குண்டூசி இருந்திருக்கு. நீங்கதானே கழட்டினீங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதோட வேற ஏதாவது சேர்ந்து இருந்துதா?"

நினைவில்லை. நூற்றுக்கணக்கான ஊசிகளைக் கழற்றினாளே, எதென்று நினைவிருக்கும்! 'எனக்குத் தெரியாது, நான் கலைச்சுட்டேன்' என்று ஒரு வரி. ஒரே ஒரு வரி. மேடம் எழுந்து இவர்கள் மேசைக்கே வந்து நின்றார்.

"சொல்லுங்கம்மா. நீங்கதான் எல்லாத்தையும் குறிச்சு வைப்பீங்களே."

"இல்ல," என்றாள் அவள். "தனியாத்தான் இருந்துது."

அவன் கண்களில் தேடல் நின்றுபோனது. தேடிய பொருள் உடைந்து கிடைத்தது மாதிரி... கடிதத்தை மெதுவாக உறைக்குள் வைத்தான். பிறகு படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டான்.

"சரி. பெட்டி இங்கயே இருக்கட்டும். நீங்க பத்திரமா பார்த்துக்குவீங்க." அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "உங்களை நம்பித்தான் போடறேன், பென்சில் மேடம்."

போய்விட்டான். கொட்டுகிற மழையில். வாசலில் அவன் குடை அப்படியே சாத்தியிருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் ஒரே அட்டையை நாலு தடவை எழுதினாள். லிஃப்ட் சத்தமில்லாமல் வந்து வந்து போனது. ஒவ்வொரு தடவை கதவு திறந்தபோதும் திரும்பினாள். ஒரு தடவை தபால்காரர், ஒரு தடவை பெருக்குகிற அம்மா, ஒரு தடவை வெறும் காற்று.

வீட்டில் தங்கை முகத்துக்கு நேரே கையாட்டினாள். "ஏய் காலண்டர்! அது காலி டம்ளர். அஞ்சு நிமிஷமா அதையே குடிச்சிட்டிருக்க."

"தாகமா இருந்துச்சு."

"இருக்கும் இருக்கும். அந்தத் தாகத்துக்கு என்ன உயரம்? என்ன வேலை பார்க்குது?"

"அடி வாங்கப் போற நீ."

"அக்கா, அழறியா?"

அழவில்லை என்று சொல்லிக்கொண்டே அழுதாள். தங்கை அதற்குமேல் கேலி செய்யவில்லை. டம்ளரை வாங்கித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஊசியைத்தானே கழட்டின? ஓட்டையையுமா கழட்டிட்ட?" என்றாள்.

அவள் தண்ணீரைக் குடிக்காமலே எழுந்துவிட்டாள்.

சனிக்கிழமை நூலகம் அரை நாள். ஐந்தாவது பெட்டியைத் திறந்து முந்நூற்றுப் பதினொரு சீட்டுகளையும் மேசையில் பரப்பினாள். தைத்து முடித்த சீட்டுக்கெல்லாம் நடுவில் கம்பி குத்திய பெரிய ஓட்டை இருந்தது. அவற்றை ஒதுக்கினாள். மூலையில் குண்டூசி ஓட்டையோடு, நடுவில் ஓட்டையே இல்லாமல், முடியாத வேலையாக நின்றுபோன சீட்டுகள் ஒன்பது. அவன் கடிதத்தை எடுத்து வைத்தாள். முதல் சீட்டு, ஓட்டை பொருந்தவில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவதில் துருவின் வடிவம் வேறு. நாலு, ஐந்து, ஆறு...

ஏழாவது சீட்டு. ஓட்டையின் மேல் ஓட்டை உட்கார்ந்தது. கடிதத்தில் பாதி நிலாவாக நின்ற துருக்கறையின் மறுபாதி, சீட்டில் இருந்தது.

எல்லாச் சீட்டிலும் மேலே வாடிக்கையாளர் பெயர் இருக்கும். இதில் இல்லை. பெற்றவளுக்குப் பெயர் எழுதிவைத்தா நினைவு வரவேண்டும்? நீலப் பென்சிலில் நாலே வரி.

'சட்டை. நீலம். தோள் 17' என்று எழுதி, 17-ஐ அடித்து, '18?' என்று போட்டிருந்தது. கீழே: 'வந்ததும் அளக்கணும்.'

வந்ததும்... அவள் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து மங்கலாகித் தெரிந்தது. காகிதத்தின் மேல் கண்ணீர் விழாமல் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். வேலை வேலைதான்.

பிறகு நேராக மேடத்திடம் போனாள். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டியைக் கலைத்தது, குறிக்காமல் விட்டது, வியாழக்கிழமை சொன்ன பொய். குண்டூசிக் குப்பியை மேசையில் வைத்தாள்.

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்கே சொல்லியிருந்தா திட்டிட்டு விட்டிருப்பேன்."

"இப்ப, மேடம்?"

"இப்பவும் திட்டத்தான் போறேன், சாவகாசமா. பட்டியல்ல இந்தப் பெட்டி கலைக்கப்பட்டதுன்னு உங்க கையாலேயே எழுதணும், எப்பவும் இருக்கிற மாதிரி. அவருக்கு ஆபீஸ் கடுதாசி திங்கட்கிழமை நான் அனுப்பறேன். நீங்க உங்களோடதை எழுதுங்க."

"என்னோடதா?"

"நேத்து முழுக்கக் கதவைப் பார்த்துட்டிருந்தது நானா?"

ஜன்னல் பக்கம் பூதக்கண்ணாடி தாளை மிக உயரமாகத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

முகவரிக்காகப் பதிவேட்டைப் பிரித்தாள். செவ்வாய், நோக்கம்: 'அம்மா.' புதன்: 'அம்மா.' வியாழன்... அவள் விரல் அந்த வரியில் நின்றது. 'அம்மா. அப்புறம்...' அவ்வளவுதான். மூன்று புள்ளி. அதற்குமேல் இடம் காலி.

அங்கேயே உட்கார்ந்து எழுதினாள்.

'குடைக்காரருக்கு,

வியாழக்கிழமை நான் சொன்னது பொய். உங்கள் கடிதம் தனியாக இருந்ததா என்று அப்போது எனக்குத் தெரியாது. ஏனென்றால் அந்தப் பெட்டியைக் கலைத்தவள் நான். இருந்த வரிசையே வரிசை என்று எழுதி ஒட்டியவளும் நான். மேடம் முன்னால் அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. என் வீம்புக்கு உங்கள் அம்மாவைக் குற்றவாளி ஆக்கிவிட்டேன்.

உங்கள் கடிதம் தனியாக இல்லை. ஓட்டைக்கு ஓட்டை, துருவுக்குத் துரு பொருத்திப் பார்த்துவிட்டேன். அதோடு இருந்த சீட்டின் நகல் இத்துடன் இருக்கிறது. உட்கார்ந்துகொண்டு படியுங்கள். உங்கள் சட்டை வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். நீங்கள் வருவதற்காகக் காத்திருந்திருக்கிறார். பதினெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறிதான் உங்களுக்கு அவர் எழுதிய பதில்.

நீங்கள் என்னை மன்னிக்காவிட்டாலும் நியாயம்தான். படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாலும் நியாயம்தான்.

இனி எழுதப்போவது நூலகத்துக்குச் சம்பந்தமில்லாதது. நீங்கள் லிஃப்டைச் சரிபண்ணிவிட்டீர்கள். இப்போது யார் வருகிறார்கள் என்றே தெரிவதில்லை. அதனால் நாள் முழுக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். தபால்காரர் வந்தால்கூட மனசு ஒரு தடவை எழுந்து உட்காருகிறது. இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்...

வருகைப் பதிவேட்டில் வியாழக்கிழமை ஓர் இடம் பூர்த்தியாகாமல் இருக்கிறது. மூன்று புள்ளி வைத்துவிட்டுப் போக விதியில் இடமில்லை. நேரில் வந்து எழுதிவிட்டுப் போகவும். பென்சில் நான் தருகிறேன்.

பென்சில்.'

மடித்தாள். சீட்டின் நகலை உள்ளே வைத்தாள். வாசிப்பறையில் பசைக்கு அனுமதி இல்லை. எனவே கீழே இறங்கி, வாட்ச்மேன் மேசையில் நின்று உறையை ஒட்டினாள். ஓரங்களை விரல் நகத்தால் இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தாள். தபால்தலை ஒட்டினாள்.

தெருவில் நல்ல மழை. அவன் குடையை விரித்தாள். முனையில் ஒரு கம்பி வளைந்திருந்தது. கடிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருமுனைத் தபால்பெட்டிக்கு நடந்தாள். ஐயோ, பென்சிலில் அல்லவா எழுதியிருக்கிறோம் என்று பாதி வழியில் பகீரென்றது. பிறகுதான், நாள் தவறாமல் எல்லோருக்கும் தான் சொல்லும் பாடம் நினைவுக்கு வந்தது. மை மாதிரி இல்லை. நனைந்தாலும் பென்சில் எழுத்து கரையாது.

பெட்டியின் வாயில் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள்.

விட்டாள். உள்ளே எங்கேயோ அது 'டப்'பென்று விழுந்தது.